நறுமுகை நாணயம்

பணத்தின் சரித்திரத்தைப் பிள்ளைகள் அனுபவித்தே படிக்க வேண்டுமாம். அந்த மேதாவிப் பள்ளி ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் ஒரு டிஜிட்டல் நாணயம் வெளியிட்டது. பிள்ளை சமர்த்தாக இருந்தால் விலை ஏறும். பெற்றோர்கள் நாங்கள் வெட்கமில்லாமல் வாங்கி விற்றோம்.

என் மகள் நறுமுகைக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் டேப்லெட் திரையைப் பார்த்து அழுதாள்.

"பணம்னா கெட்டுப்போகக் கூடாதுன்னு மிஸ் சொன்னாங்க. என் காசு பாதியாயிடுச்சும்மா."

"எந்த மானங்கெட்டவன் வித்தான்?"

விற்றவர்களின் பட்டியலைக் காட்டினாள். முதல் பெயர் என் கணவர் பிரதீபனுடையது. ரத்தப் பரிசோதனை முடிவை டாக்டர் எங்களிடம் சொன்ன அதே நிமிடத்தில் விற்றிருந்தார்.

அவர் போனிலிருந்து தலையைத் தூக்கி மகளைப் பார்த்துச் சிரித்தார்.

"அழாதடா செல்லம். இன்னும் கொஞ்சம் எறங்கட்டும், அப்பா மொத்தமா வாங்கிடறேன்."