வேண்டுகோளுக்கு எவ்வளவு?

“எழுதித் தர்றேன் சார். எவ்வளவு தருவீங்க?”

பத்திரிகை ஆசிரியருக்குத் தூக்கிவாரிப் போட்டது. போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை உற்றுப் பார்த்துக்கொண்டார்.

அவர் கேட்டது ஒரே ஒரு பக்கம். பத்திரிகைக்குப் புதிதாகக் கதை, கட்டுரை எழுதித் தருகிறவர்களுக்கு இனிமேல் நியாயமான சன்மானம் கொடுக்கப்போகிறோம், வாசகர்களே, நிதி தாருங்கள் என்று ஒரு வேண்டுகோள்.

பதினைந்து வருடமாக அங்கே சன்மானம் என்றால் இரண்டு இலவசப் பிரதிகள்தான். அதை மாற்றத்தான் இத்தனை பாடும். மாதக் கடைசிக்குள் நிதி சேராவிட்டால் பழைய கதைகளையே தூசி தட்டிப் போடுங்கள் என்று நிர்வாகக் குழு வேறு சொல்லிவிட்டது.

“உங்களை மாதிரி எழுதறவங்களுக்காகத்தானேம்மா இந்த நிதியே? இதுக்கும் காசா?”

“இதுவும் எழுத்துதானே சார்” என்றார் எழுத்தாளர், கொஞ்சமும் கோபமில்லாமல்.

போனை வைத்ததும் ஆசிரியர் பொரிந்து தள்ளினார். பக்கம் வடிவமைக்கிற லே-அவுட்காரரும் தன் பங்குக்கு எண்ணெய் ஊற்றினார். நல்ல காரியத்தில்கூட இப்படிக் கறார் பேசுகிறவர்களை அவர் பார்த்ததே இல்லையாம். கூடுதலாக அரைமணி உட்கார்ந்தாலும் அதற்குக் காசு வாங்காமல் அவர் வீட்டுக்குப் போனதில்லை என்பது வேறு விஷயம்.

வேறு யாரிடமாவது கேட்கலாம்தான். ஆனால் படிக்கிறவர் மனசைத் தொட அந்த எழுத்தாளரை விட்டால் ஆளில்லை. ஆசிரியர் பல்லைக் கடித்துக்கொண்டு, சொந்தப் பணத்தைக் கவரில் போட்டு அனுப்பினார்.

வேண்டுகோள் வெளிவந்தது. பணம் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது பாதிகூடத் தேறவில்லை. ஆசிரியருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பாவம், மனிதர் இதற்காக ஏறாத படியில்லை.

அன்றைக்குத்தான் ஒரு மருந்துக்கடை முதலாளியம்மா வந்தார். வாசகி என்று சொல்லிக்கொண்டார். கைப்பையிலிருந்து செக் புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஆனால் திறக்கவில்லை.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இந்த வேண்டுகோளை எழுதினவங்களுக்கு ஏதாவது குடுத்தீங்களா? இல்ல, நல்ல காரியம்னு சொல்லி சும்மா வாங்கிட்டீங்களா?”

ஆசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“முதல் சன்மானமே அவங்களுக்குத்தாம்மா. வேண்டவே வேண்டாம்னாங்க. நான்தான் விடாப்பிடியா குடுத்தேன்.”

காபி குடித்துக்கொண்டிருந்த லே-அவுட்காரருக்குப் புரையேறியது.

முதலாளியம்மா இன்னும் எவ்வளவு குறைகிறது என்று கேட்டார். சொன்ன தொகையை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். ஆசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது. எப்படி நன்றி சொல்வதென்று தெரியாமல் தடுமாறினார்.

“நன்றியெல்லாம் என் நாத்தனாருக்குச் சொல்லுங்க. அந்த வேண்டுகோளை எழுதினவ அவதான். நான் அவ சொன்னதை நம்பாமத்தான் நேர்ல விசாரிக்க வந்தேன்” என்று எழுந்தார் முதலாளியம்மா. “நீங்க இப்ப சொன்னதையேதான் அவளும் சொன்னா. ‘நான் எவ்வளவோ வேண்டாம்னேன் அண்ணி, அந்த ஆசிரியர்தான் கேக்கவே இல்ல’ன்னு.”