புதருக்குள் புகையிலை

“டப்பாவை எடுடா.”

“மாட்டேன். நீ துப்புவ, புல்லு ஆடும், ரெண்டு பேரும் மாட்டுவோம்.”

“துப்பாம முழுங்கிடுறேன் கால்டர். ஒரே ஒரு சிட்டிகை.”

“வாயை மூடு மெண்டோசா.”

அமெரிக்காவின் ஜார்ஜியா வெயிலில், உடம்பெல்லாம் புல்லைக் கட்டிக்கொண்டு, புதரோடு புதராகக் கிடந்தார்கள் இருவரும். அதிரடிப் படையில் மறைந்திருந்து சுடும் ஸ்னைப்பர்களுக்கான தேர்வில் கடைசி நாள். தேடிக்கொண்டு வரும் சார்ஜன்ட் ஹாலிஸிடம் நண்பகல்வரை சிக்காவிட்டால் தேர்ச்சி. சிக்கினால் பழைய முகாமுக்கே மூட்டை கட்ட வேண்டும்.

தூரத்தில் விசில் சத்தம் கேட்டது.

“போச்சு, அஞ்சாவது ஜோடியும் அவுட்டு,” என்றான் கால்டர். “அந்த ஆளுக்கு இருக்கறது மனுசக் கண்ணா, பருந்துக் கண்ணா?”

“பயத்துல வாய் காயுதுடா. இப்பவாவது ஒரு சிட்டிகை குடுடா.”

கால்டர் பல்லைக் கடித்துக்கொண்டு புகையிலை டப்பாவைத் திறந்தான். இருவரும் ஆளுக்கொரு சிட்டிகையை உதட்டுக்குள் அடக்கிக்கொண்டார்கள். யாரும் துப்பவில்லை. ஒரு புல்லும் ஆடவில்லை.

பின்னாலிருந்து கிசுகிசுப்பாக ஒரு குரல். “யாராச்சும் இருக்கீங்களாடா? பொகையில தீந்துபோச்சு. ஒரு சிட்டிகை குடுங்கடா.”

“பக்கத்துப் புதர் ப்ரூயிட்டா இருக்கும். பாவம்,” என்றான் மெண்டோசா.

படையில் புகையிலை கேட்டவனுக்கு இல்லையென்று சொல்கிற வழக்கமே கிடையாது. கால்டர் திரும்பாமலே புல்லுக்குள்ளிருந்து கையை மட்டும் நீட்டினான்.

டப்பாவை வாங்கிய சார்ஜன்ட் ஹாலிஸ், ஏற்கெனவே ஐந்து டப்பாக்கள் புடைத்துக்கொண்டிருந்த பையில் அதையும் திணித்துவிட்டு விசிலை எடுத்தார்.

“எழுந்திரிங்க தம்பிகளா. கண்ணாடியை வீட்டுலயே மறந்துட்டேன், அதான் காலையிலேருந்து ஒவ்வொரு புதராக் கேட்டுக்கிட்டே வர்றேன்.”