ஒவ்வோர் ஓட்டுநருக்கும்

“அம்மா, எனக்காக பிரேக் போட்ட அங்கிளுக்கு நாம தேங்க்ஸ் சொல்லலையே?”

ஆறு வயதில் ரக்ஷனா கேட்ட கேள்வி அது. இப்போது அவளுக்கு இருபத்தாறு. சிராங்கூன் சாலையில் பேருந்து ஏறும்போதெல்லாம் பயண அட்டையைக் கருவியில் தட்டிவிட்டு, ஓட்டுநரைப் பார்த்துக் கைகூப்புவாள்.

இன்றைய சீன ஓட்டுநர் சிரித்துக்கொண்டே உள்ளே போகும்படி கையசைத்தார்.

“கம்பியைப் பிடிச்சுக்கம்மா, வண்டி எடுக்கப் போறாரு,” என்று முன் இருக்கையில் இருந்த பூவம்மா நகர்ந்து இடம் கொடுத்தார். “நீ ஏறுறது பஸ்ஸா, பெருமாள் கோயிலா? நானும் ஒரு வாரமா பாக்குறேன்.”

ரக்ஷனா சிரித்தாள். “அவர் யாருன்னு தெரியாது ஆன்ட்டி. அதான் எல்லாருக்கும் சொல்லிடுறேன்.”

“எவர்?”

“சின்ன வயசுல, தீபாவளிக்கு முந்தின நாள், இதே ரோட்டுல அம்மா கையை உதறிட்டுக் குறுக்க ஓடிட்டேன். பஸ் ஒரு சாண் தள்ளி நின்னுச்சு. உள்ள நின்னவங்கல்லாம் விழுந்து ஒரே அலறல். அம்மா பயந்துபோய் என்னை இழுத்துக்கிட்டு சந்துக்குள்ள ஓடிட்டாங்க.”

“எந்த வருஷம்?”

“ரெண்டாயிரத்து அஞ்சு.”

பூவம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “வேற யாரும் உன்னைப் பாக்கலையா?”

“அவ்வளவு கூட்டம். நான் இத்தனூண்டு. அவர் மட்டும்தான் பாத்திருப்பாரு. எனக்கு அவர் முகம்கூட ஞாபகமில்ல. ஒரு தடவை பாத்துட்டா போதும்.” ரக்ஷனா தயங்கினாள். “விழுந்தவங்க கம்ப்ளெயின்ட் பண்ணி, அவருக்கு ஏதாச்சும் ஆயிருக்குமா ஆன்ட்டி?”

“அதெல்லாம் ஒன்னும் ஆயிருக்காது லா. பிள்ளை உசுரைக் காப்பாத்தினவரு. ஆண்டவன் கைவிடுவானா? உன் நன்றி அவருக்குப் போய்ச் சேரும்மா.”

ரக்ஷனா நிம்மதியாக இறங்கிப் போனாள்.

தோ பாயோ பகுதியில் இருந்த பூவம்மாவின் வீட்டில் யாரும் இல்லை. விளக்கேற்றி, இறந்துபோன கணவர் சேதுபதியின் படத்துக்கு முன் உட்கார்ந்தார். அந்தத் தீபாவளியோடு ஓட்டுநர் வேலையை இழந்தவர் அவர். குறுக்கே ஒரு குழந்தை ஓடி வந்தது என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்; யாரும் நம்பவில்லை. குடித்திருந்தீர்களா என்று அவரை முதலில் கேட்டது பூவம்மாதான்.

“குழந்தை இருந்துச்சுங்க,” என்றார். “நல்லா வளந்திருக்கா.”