கதவு திறக்க மூன்று நிமிடம்

“ராத்திரி மறுபடியும் தூக்கத்துல உளறினீங்க. குட்டி எழுந்து ஒரே அழுகை. இன்னிலேர்ந்து ஹால்ல படுத்துக்கோங்க.”

“இன்னிக்கு ஒரு சோதனை இருக்கு. அது முடியட்டும், எல்லாம் சரியாயிடும்.”

“போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க.”

காலையில் மனைவியோடு நடந்த இந்தப் பேச்சு, பூட்டிய காருக்குள் உட்கார்ந்திருந்த அவனுக்கு நினைவு வந்தது. கண்ணாடிகள் ஏறியிருந்தன. கதவுக்குக் கைப்பிடியே கிடையாது; பட்டனைத் தொட்டால் திறக்கும். இப்போது கரண்ட்டைத் துண்டித்திருந்தார்கள்.

முன் சீட்டில் அதே மனைவி.

கம்பெனி கொண்டுவரப்போகும் ஐந்து மின்சாரக் கார்களுக்கும் அவன் வடிவமைத்த இந்தக் கதவுதான். கரண்ட் போனால் கையால் திறக்கவும் ஒரு வழி வைத்திருந்தான். வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவர் மூன்று நிமிடத்துக்குள் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு பேர் தோற்றாயிற்று. மூன்றாவதும் போனால் ஐந்து வண்டிகளும் ஒரு வருடம் தள்ளிப்போகும். அவன் குழுவைக் கலைத்துவிடுவார்கள்.

மூன்றாவதாகச் சோதனைக்கு வரவேண்டிய ஆள் வரவில்லை. அவன் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டுப் பையைக் கொடுக்க வந்த மனைவியை மேலாளர் பிடித்துக்கொண்டார்.

“இந்த வண்டியைப் பத்தி உங்க வீட்டுக்காரர் ஏதாவது சொல்லியிருக்காராம்மா?”

“இவரா? வீட்டுக்கு வந்தா வாயே திறக்கறதில்லை சார். முழிச்சிருக்கற வரைக்கும் போன்தான்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை என்று அவனும் சத்தியம் செய்தான்.

விதிப்படி, வடிவமைத்தவன் பின் சீட்டில் உட்கார்ந்து கவனிக்க வேண்டும். போனை வெளியே கொடுத்துவிட வேண்டும். வாய் திறந்தால் சோதனை செல்லாது.

அவள் பட்டனை அமுக்கினாள். கதவைத் தடவினாள். அவ்வளவுதான், கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

“புழுக்கமா இருக்குங்க.”

அவன் வெளியே நின்ற மேலாளரைப் பார்த்தான்.

“பதில் சொல்ல மாட்டீங்க, தெரியும். ஆனா எழுந்தும் போக முடியாதில்ல?” நடுக் கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தாள். “குட்டிக்கு முன்பல் ஆடுது. நேத்து உங்ககிட்ட காட்ட வந்தா, நீங்க நிமிரவே இல்லை. நான் முடியை வெட்டிக்கிட்டு நாலு நாளாச்சு.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். ஆமாம், பின்னலையே காணோம்.

இரண்டரை நிமிடம். அவன் கழுத்தில் வேர்வை இறங்கியது. ‘தேடேன்! தேடித் தொலையேன்!’ கத்தவும் வழியில்லை, இறங்கவும் வழியில்லை. கண்ணாடிக்கு வெளியே மேலாளர் பத்து விரல்களையும் விரித்துக் காட்டினார். இன்னும் பத்தே நொடி.

அவள் குனியக்கூட இல்லை. கை மட்டும் கீழே போனது.

டக்கென்று கதவு திறந்தது. காற்றும் கைதட்டலும் சேர்ந்து உள்ளே வந்தன.

“எப்படிக் கண்டுபிடிச்சே?” அவன் முன் சீட்டுப் பக்கம் எட்டிக் கேட்டான்.

அவள் திரும்பி, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

“சீட்டுக்கு அடியில மஞ்சள் நாடா, மஞ்சள் நாடான்னு ஒரு மாசமா தூக்கத்துல சொல்றீங்களே, ஒரு நாளாவது என் பேரைச் சொல்லுங்களேன்!”