நாற்பத்தொன்றாம் நம்பர்

“அண்ணே, அந்தப் பொண்ணு அரை மணி நேரமா உங்களுக்காகத்தான் உக்காந்திருக்கு. மின்னல் மாடசாமியைப் பத்தி ஏதோ கேக்கணுமாம்” என்றார் சைபுல்லா, தராசில் கிடந்த பழைய நோட்டுப் புத்தகக் கட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அருணகிரிக்கு நடை தானாக வேகம் எடுத்தது.

அவர் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயின்டர். ஞாயிற்றுக்கிழமை ஊரே கறிக்கடைக்குப் போகும். அவர் இரண்டு பஸ் மாறி, அயோத்தியாப்பட்டணத்தில் சைபுல்லாவின் பழைய பேப்பர் கடைக்கு வருவார். மின்னல் மாடசாமி காமிக்ஸ் மொத்தம் அறுபது இதழ். ஐம்பத்தொன்பது அவருடைய பீரோவில், மனைவியின் பட்டுப்புடவைகளைக் கீழ்த்தட்டுக்குத் தள்ளிவிட்டு, வரிசையாக நிற்கின்றன.

நாற்பத்தொன்று மட்டும் இல்லை. அந்த மாதம் சேலம் ஜில்லாவில் எந்தக் கடைக்குமே அது வரவில்லை என்பார்கள். நாற்பதின் கடைசிப் பக்கத்தில் கிணற்றுக்குள் விழும் மாடசாமி, நாற்பத்திரண்டின் முதல் பக்கத்தில் குதிரை மேல் வருகிறான். எப்படி வெளியே வந்தான்? பதினோரு வருடமாக அருணகிரி அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். மடியில் சின்ன டைரி.

“என் பேரு கௌசியா சார். ஆத்தூர்லேர்ந்து வரேன். இந்த மாடசாமி புத்தகம் சேக்கறவங்க எதை மொதல்ல வாங்குவாங்க?”

அருணகிரிக்கு உச்சி குளிர்ந்துபோனது. அவர் வீட்டில் இந்தப் புத்தகங்களைப் பற்றிக் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, ‘எப்ப எடைக்குப் போடப் போறீங்க’ என்பதுதான்.

“எல்லாரும் ஒண்ணாம் நம்பர்ல ஆரம்பிப்பாங்க. அங்கதானுங்க ஏமாந்து போறது. ஒண்ணாம் நம்பரை அவனவன் பொத்திப் பொத்தி வச்சிருப்பான், எப்ப வேணாலும் கெடைக்கும். கடைசிப் பத்தைத்தான் மொதல்ல புடிக்கோணும். அப்ப யாவாரம் படுத்துப்போயி கம்மியா அடிச்சாங்க.”

கௌசியா எழுதிக்கொண்டாள். “அப்புறம்?”

“தொடர்கதை வந்த நம்பரெல்லாம் சோடி சோடியா வாங்கோணும். ஒண்ணு கெடச்சு ஒண்ணு கெடைக்கலீன்னா தூக்கம் வராதுங்க.” இது சொந்த அனுபவம். “நடுப்பக்கம் இருக்குதான்னு பாருங்க. கலர்ப் படத்தை எவனாச்சும் கிழிச்சுச் செவுத்துல ஒட்டியிருப்பான்.”

அவள் ஒன்றுவிடாமல் எழுதினாள். கேட்க ஓர் ஆள் கிடைத்தால் அருணகிரி கர்ணனாகிவிடுவார்.

“எங்கிட்ட ரெண்டு ரெண்டா இருக்கிறது பதினாறு புத்தகமுங்க. அடுத்த வாரம் கொண்டாரேன், சும்மாவே வச்சுக்கங்க.”

“அதெல்லாம் வேண்டாம் சார்.” அவள் பக்கத்தைப் புரட்டினாள். “நாப்பத்தொண்ணாம் நம்பர் எப்படி?”

சைபுல்லா வாங்கிக் கொடுத்திருந்த டீயை அருணகிரி பாதியிலேயே கீழே வைத்தார்.

அறுபது நம்பர் இருக்க, இவள் வாயில் ஏன் அது வரவேண்டும்? யாரோ விவரம் தெரிந்தவன் சொல்லி அனுப்பியிருக்கிறான். இவள் சுறுசுறுப்புக்கு, இன்று தேட ஆரம்பித்தால் அடுத்த மாதமே தூக்கிவிடுவாள்.

“நாப்பத்தொண்ணா?” முகத்தைப் புளித்த மோர் குடித்தவர்போல வைத்துக்கொண்டார். “அதைத் தொடாதீங்க சாமி.”

“ஏன், நல்லா இருக்காதா?”

“மாடசாமி கெணத்துல உழுந்துபோட்டானுங்களா, அறுவத்துநாலு பக்கமும் அதுக்குள்ளயே உக்காந்திருப்பான். சண்டை இல்ல, குதிரை இல்ல. ஒரு தவளைகூட வராதுங்க.”

படிக்காத புத்தகத்துக்குக் கதை சொல்வது இத்தனை சுலபம் என்று அவருக்கே அன்றுதான் தெரிந்தது.

“அப்போ யாரும் தேட மாட்டாங்களா?”

“தேடறதா? வடை மடிக்கத்தானுங்க ஆகும்.”

கௌசியா டைரியில் 41-ஐக் குறுக்கே அடித்தாள். அந்தக் கோடு அருணகிரிக்கு எங்கோ சுருக்கென்று தைத்தது. பதினாறு புத்தகம் சும்மா தருகிறேன் என்ற அதே வாய். சரி, கிடைத்ததும் முதல் ஆளாக இந்தப் பெண்ணுக்குத்தான் படிக்கக் கொடுப்பது என்று மாடசாமி மேல் சத்தியம் செய்துகொண்டார்.

“ரொம்ப நன்றி சார். பெரிய குழப்பம் தீந்துச்சு” என்றபடி அவள் வீட்டிலிருந்த தங்கைக்கு ஃபோன் போட்டாள். “ஹஃப்சா, கேட்டுட்டேன்டி. பரண்ல ஒத்தை ஒத்தையா கெடக்கறதையெல்லாம் தொடைச்சு எடுத்து வை. அந்தப் பெரிய கட்டுதான் ஒண்ணுத்துக்கும் ஆகாதாம். வடைக்கடைக்காரர் வாசல்லயே நிக்கிறாரா? தூக்கிக் குடுத்துடு.”

“கட்டுங்களா?” என்றார் அருணகிரி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“ஆமா சார். எங்க அத்தாதான் அப்ப சேலம் ஜில்லாவுக்கே ஏஜென்ட். ஒரு மாசம் அவங்க ஆஸ்பத்திரியில இருந்தாங்க. அப்ப வந்த கட்டு கயிறுகூட அவுக்காம பரண் மேல ஏறிடுச்சு. முந்நூறு புத்தகம், எல்லாமே நாப்பத்தொண்ணு. வெள்ளையடிக்கறதுக்காக பரணைக் காலி பண்றோம். நல்ல புத்தகத்தைத் தெரியாம தள்ளிட்டா அத்தா மனசு கஷ்டப்படும். அதான் தெரிஞ்சவங்களைக் கேட்டுட்டுச் செய்யலாம்னு வந்தேன்.”

‘நிறுத்தச் சொல்லுங்க’ என்று வாய்வரை வந்தது. சொன்னால், வராத தவளைக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

வெளியே ஆத்தூர் பஸ் ஹாரன் அடித்தது. அருணகிரி ஒரு காலைச் செருப்பில் நுழைத்துக்கொண்டே கேட்டார்:

“ஏனுங்க, அந்தக் கடையில வடை எத்தன மணிக்குப் போடுவாங்க?”