அப்பாவுக்கு என்ன வேலை?

"அண்ணா, அந்தப் பெயர்ப் பலகையை இன்னைக்கு ஒரு நாள் கழட்டி வெச்சுடேன்!"

தோகுசோ உளியைக் கீழே வைத்தார். தம்பி ரியோஹெய் ஊர்ப்பக்கம் எட்டிப் பார்த்தே இருபது வருஷம். வந்ததும் வராததுமாக இந்தப் பேச்சு.

"'ஹமாசாகி கல்லறைக் கல் பட்டறை'ன்னு இருக்கு. அது உன்னை என்னடா செஞ்சுது?"

"என் வாழ்க்கை வரலாற்றை எழுதறாங்களே மினாகாவா அம்மா, அவங்க மத்தியானம் வராங்க. அப்பா பள்ளிக்கூட வாத்தியார்னு சொல்லியிருக்கேன். முப்பது வருஷமா எல்லாப் பேட்டியிலும் அதேதான்."

"வாத்தியாராம் வாத்தியார்! கல்லறைக் கல்லு கொத்தறவன் மகன்னு சொன்னா உன் மூக்கு அறுந்துடுமா?"

"டோக்கியோவுல என் முதல் சிற்பக் கண்காட்சி அண்ணா. சுத்தி எல்லாரும் பெரிய இடத்துப் பிள்ளைங்க. வாயில வந்துடுச்சு. அப்புறம் மென்னு முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல."

"நீ செதுக்கற கல்லுல மூக்கும் கிடையாது, முழியும் கிடையாது. அதைப் பாரிஸ்காரன் தலையில தூக்கி வெச்சு ஆடறான். அப்பா கொத்தின கல்லுல செத்தவன் பேராவது இருந்தது!"

பதினெட்டு வருஷத்துக்கு முன் அப்பாவின் சாவுக்குக்கூட ரியோஹெய் வரவில்லை. அன்று பாரிஸில் அவருடைய சிற்பத் திறப்பு விழா. அவமானம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கேட்டார்.

"அவங்க கேட்டா, நீயும் வாத்தியார்னே சொல்லிடு அண்ணா."

"பொய் எனக்கு வராதுடா." முணுமுணுத்துக்கொண்டே ஏணியை எடுத்துப்போய்ப் பலகையைக் கழற்றினார் தோகுசோ.

மத்தியானம் மூவரும் மேட்டில் இருந்த இடுகாட்டுக்குப் போனார்கள். மினாகாவா அப்பாவின் கல்லறைக் கல்மேல் நீர் ஊற்றி, ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டார். பிறகு நேராக அண்ணன் பக்கம் திரும்பினார்.

"அப்பா எந்த வகுப்புக்குப் பாடம் எடுத்தார் ஐயா?"

ரியோஹெய் அவசரமாக அண்ணனைப் பார்த்தார். தொலைந்தது மானம்!

"என்னை ஏம்மா கேக்கறீங்க? கல்லோட பக்கவாட்டுல இருக்கு, படிச்சுக்குங்க" என்றார் தோகுசோ.

மினாகாவா குனிந்தார். "'ஹமாசாகி கென்கிச்சி. பள்ளி ஆசிரியர்.' அடடா, என்ன அழகான எழுத்து!" என்றபடி புகைப்படம் எடுக்கத் தள்ளிப் போனார்.

ரியோஹெய் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். "என் மானத்தைக் காப்பாத்தக் கல்லுலேயே பொய்யை வெட்டிட்டியே அண்ணா!"

"நான் ஏன்டா வெட்டப் போறேன்? அந்த எழுத்துக் குழியைப் பாரு, பழைய சிவப்புச் சாயம் இன்னும் ஒட்டியிருக்கு."

உயிரோடு இருக்கும்போதே கல்லறைக் கல்லில் வெட்டிவைக்கும் பெயருக்கு மட்டும்தான் சிவப்பு பூசுவார்கள்; செத்ததும் அதை அழித்துவிடுவார்கள். ரியோஹெய் திகைத்துப்போய்ப் பார்த்தார்.

"உன் முதல் பேட்டி வந்த அன்னைக்கே அப்பா தன் கையாலயே வெட்டி வெச்சுட்டார்டா. 'நாளைக்கு யாராவது தேடி வந்து பார்த்தா, என் பிள்ளை பொய்யனாயிடக் கூடாது'ன்னார்."