வெற்றுப் பலகையின் விளக்கு

தென்னாப்பிரிக்காவின் காரூ பாலைவெளியில், வானொலித் தொலைநோக்கிகளுக்கு நடுவே இருந்த கூடத்தில் தீனியோ தனியாக வேலை பார்த்தாள். அங்கிருந்த மின்னணுப் பலகையின் சில்லு, மின்சாரம் நின்றால் தன் வேலையையே மறந்துவிடும் வகை. காலைதோறும் கணினியிலிருந்து அதற்கு வடிவமைப்பை ஏற்ற வேண்டும். முன்பு அதைச் செய்தவன் கெர்ட். போன குளிர்காலத்தில் மாரடைப்பில் இறந்துபோனான்.

அன்று மின்சாரத்தைப் போட்டதும், எதையும் ஏற்றாத பலகையில் விளக்கு மினுக்கியது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை. பலகைகளைச் சோதிக்கும்போது கெர்ட் வைக்கும் மினுக்கல் அது. உறை பிரிக்காத புதுப் பலகை ஒன்றை எடுத்துப் பிரித்து மாட்டினாள். அதுவும் அப்படியே மினுக்கியது.

கேப் டவுன் அலுவலகத்திலிருந்த ஃபெசிலேயைப் போனில் அழைத்தாள்.

"வெறும் சில்லு எப்படிக்கா மினுக்கும்? வெயில் தலைக்கு ஏறிடுச்சா?" என்று சிரித்தான். "சீக்கிரம் ஏத்துங்க, இங்க எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

ஏற்றினால் உள்ளே இருப்பது அழிந்துவிடும். தீனியோ போனை மேசையில் வைத்துவிட்டு விளக்கின் அருகே குனிந்தாள்.

"நீ போனப்புறம் இங்க பேச ஆளே இல்லடா, கெர்ட்."

பிறகு கணினியில் வடிவமைப்பை ஏற்றும் விசையை அழுத்தினாள். மினுக்கல் நின்றது. பலகை வழக்கம்போல் வேலை செய்யத் தொடங்கியது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

போனை எடுத்தபோது ஃபெசிலேயின் குரல் இறங்கியிருந்தது.

"அக்கா, என் மேசையில ஒரு பழைய பலகை கிடக்கு. அதுல ஒயர்கூட மாட்டல. இப்ப மினுக்குது."

தீனியோ கார் சாவியைத் தேடினாள்.

"அதுல எதையும் ஏத்திடாதே, ஃபெசிலே. நான் கிளம்பி வர்றேன்."